ஏழாம் இலக்கக் குழாயில் இருந்த தடிமன்

எங்கள் ஆய்வுகூடத்தில் செரம் சோதிக்கும் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. “நோர்மல்களைக் கலக்கக் கூடாது. பத்தையும் தனித்தனியாகப் போடவும்” என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அங்கே இப்போது பொறுப்பாக இருக்கும் ஷாமினி போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள். புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். மாதிரியை உள்ளே வைத்தால் விடையை அதுவே அச்சடித்துத் தள்ளுமாம்.

“அக்கா, புதுசா வந்த பிள்ளையள் அந்தத் தாளைக் கழட்டப் போகினம். பத்து எதுக்கு, ஒண்டு காணாதோ எண்டு கேக்கினம். நான் சொன்னா கதை எண்டு நினைக்கினம். நீங்களே எழுதித் தாங்கோவன்.”

“என்ரை பிழையை நானே எழுதவோ?”

“ஓம் அக்கா. வேற ஆர் எழுதுறது?”

அவள் போனை வைக்க முன்னமே நான் பேனையைத் தேடத் தொடங்கிவிட்டேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கும். பிழையை ஒத்துக்கொள்வதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஜெசிந்தா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து, கொழும்பில் ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களின் இரத்தத்தோடு பழகி ஓய்வுபெற்றவள். ஆய்வுகூடத்தின் பெயர் வேண்டாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அதனால் இதுவும் கொஞ்சம் நீளும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்புகள், ஊசி பிடிக்கப் பழகியது, நாளம் பிடிபடாமல் நோயாளிகளிடம் ஏச்சு வாங்கியது, சோதனை பாஸ் பண்ணியது. அவ்வளவுதான். உண்மையில் எனக்கு வேலை பழக்கியது, நியமனம் கிடைத்த முதலாவது கிழமையில் வீரக்கொடி மெடம் கேட்ட ஒரு கேள்வி.

வீரக்கொடி மெடம் அப்போது இளம் வைத்தியர், பிற்காலத்தில் எங்கள் வைரஸ் பிரிவின் வைத்திய நிபுணர். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். எங்களுடன் ஆங்கிலத்தில் கதைப்பார், கோபம் வந்தால் சிங்களத்துக்கு மாறுவார், ஆனால் இரண்டிலும் சத்தம் ஒரே அளவுதான். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பென்சிலால் எழுதினால் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தம். கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பேனை வெளியே வருவதை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

அந்த முதல் கிழமையில் ஒரு கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்துக்குச் சோதனை செய்தேன். சோதனைப் பிளேட்டின் குழிக்குள் நல்ல மஞ்சள் நிறம் வந்தது. தாளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். “மெடம், பொசிட்டிவ்.”

அவர் தாளைப் பார்க்கவில்லை. “நெகட்டிவ் என்ன சொன்னது?” என்று கேட்டார்.

நான் அதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் நோய் நிச்சயமாக இல்லாத ஒருவரின் செரத்தையும், அதாவது உறைந்த இரத்தத்தில் பிரியும் தெளிந்த நீரையும், பக்கத்தில் போடுவோம். அது நிறமில்லாமல் இருந்தால்தான் மற்றதன் நிறத்தை நம்பலாம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்தான். நான் சரியாகக் கழுவவில்லை. ஒழுங்காகக் கழுவித் திரும்பப் போட்டபோது அந்தத் தாய்க்கு ஒன்றுமே இல்லை. பொசிட்டிவ் என்று நான் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

நோய் நிச்சயமாக இல்லாத ஆட்களுக்கு எங்கே போவது? அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, சுகமாக இருக்கும் தெரிந்தவர்களைப் பிடித்து, எழுத்தில் சம்மதம் வாங்கி, கொஞ்சம் இரத்தம் எடுப்போம். செரத்தைப் பிரித்துச் சின்னக் குழாய்களில் இட்டு, இலக்கம் போட்டு, உறைகுளிர்ப் பெட்டியில் வைப்போம். இவர்களுக்கு எங்கள் பாஷையில் ‘நோர்மல்’ என்று பெயர். என் புருஷன் இரண்டு வருடம் நோர்மலாக இருந்தார். அதை வைத்து வீட்டில் அவரைப் பகிடி பண்ணுவேன்.

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்த பவானி ரீச்சரும் ஒரு வருடம் நோர்மல். யாழ்ப்பாணத்து மனுசி, தனி ஆள். முன் அறையிலேயே ஒரு நேர்சரி நடத்தினார். வெள்ளவத்தையில் பாதிப் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதப் பழக்கியவர், மீதிப் பாதிக்கு மூக்குத் துடைத்துவிட்டவர். கையை நீட்டும்போது சொன்னார்: “ஜெசி, எனக்குத் தடிமன் மாறின நாளே இல்லை. என்ரை இரத்தம் உமக்குச் சரிவருமோ?”

“தடிமன் எல்லாம் ஒரு வருத்தமோ ரீச்சர்? நீங்கள் நோர்மல்தான்” என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினேன். அவருடைய குழாய்க்கு விழுந்த இலக்கம் ஏழு.

மூக்கொழுகும் சளித் தடிமனை ஒரு வருத்தமாக, ஒரு நோயாக, எடுத்தவர் ஒரே ஒருவர்தான். வீரக்கொடி மெடம். பிள்ளைகளின் தடிமனை ஆராயவென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து சில புரதங்களைத் தருவித்து வைத்திருந்தார். தடிமனைக் கொண்டுவரும் பல வைரஸ்களில் நாலு, கொரோனா குடும்பம். கோவிட்டைக் கொண்டுவந்த புது வைரஸ் வருவதற்கு முன்னமே அவை எங்களோடு இருந்தவை. சின்ன வயதிலேயே எல்லாருக்கும் வந்து போயிருக்கும், பிறகும் வந்து வந்து போகும். டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நாடு திணறும்போது மூக்கொழுகலுக்கு ஆராய்ச்சியா என்று எங்களுக்குள் சிரிப்போம். அவருக்கும் தெரியும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தன் பாட்டில் வேலை செய்வார்.

பிறகு அந்தப் புது வைரஸ் வந்தது. நாங்கள் தலைகீழாகத் திரிந்த அந்த மாதங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. எல்லாருக்கும் அவரவர் கதை இருக்கிறது. மூக்குக்குள் குச்சி விட்டுச் செய்யும் சோதனை, வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்று காட்டும். வந்து போய்விட்டதா என்று அறிய இரத்தம் பார்க்க வேண்டும். நோய் வந்த உடம்பு அதற்கெதிராக ஒரு பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். பள்ளிப் புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்திருப்பீர்கள். அதைப் பார்க்கும் சோதனைக் கிட் எங்களுக்கு வந்தது. தடுப்பூசி வருவதற்கு முந்திய காலம் அது.

புதுக் கிட் எது வந்தாலும் முதலில் நோர்மல்களில் போட்டுப் பார்க்க வேண்டும். புது வைரஸ் வர முன் எடுத்த பத்து நோர்மல்களைத் தெரிந்தெடுத்தேன். மெடம் அன்று அமைச்சில் ஒரு கூட்டத்தில். போகும்போது, “பத்தையும் தனித்தனியாகப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கிட்டில் குழிகள் மட்டுமட்டாகத்தான் இருந்தன. வெளியே பெட்டி பெட்டியாக மாதிரிகள் காத்துக் கிடந்தன. பத்துக் குழியை நோர்மலுக்குக் கொடுப்பதா என்று எனக்கு மனம் வரவில்லை. பத்துக் குழாயிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே குழியில் போட்டேன். நிறம் வரவில்லை. “நோர்மல் பத்தும் நெகட்டிவ்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மெடம் வந்து என் கையெழுத்தை நம்பி, பேனையை எடுத்துத் தன்னுடையதையும் வைத்தார்.

என் வாழ்க்கையிலேயே மிகக் கெட்டித்தனமான வேலை செய்துவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து எங்கள் தொடர்மாடியில் நடராசா ஐயா செத்துப்போனார். முதலாம் மாடி. தகப்பனும் மகனும் மட்டும் இருந்த வீடு. மகன் தயாபரனுக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றத்தில் வேலை, எங்கள் மாடிக் குழுவின் செயலாளரும் அவர்தான். ஐயா ஒவ்வொரு நாளும் கீழே நேர்சரி வாசலில் கதிரை போட்டு இருப்பார். பிள்ளைகள் போகும்போது எல்லாருடைய பெயரையும் பிழையாகச் சொல்லுவார், அவர்கள் சிரித்துத் திருத்துவார்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஏழாம் நாள் பெட்டிதான் போனது, அதுவும் நேரே எரிக்கும் இடத்துக்கு. பெட்டியைத் திறக்க விடவில்லை. தயாபரன் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.

சில கிழமை கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மாடியில் இருந்த எல்லாரிடமும் இரத்தம் எடுத்தார். தயாபரன் மட்டும் அன்று வேலைக்குப் போயிருந்தார். மாதிரிகள் இலக்கங்களாக என் மேசைக்கே வந்தன. யாருடையது எது என்று எனக்குத் தெரியாது. நானே போட்டேன். எல்லாக் குழியும் தெளிந்த தண்ணீர், ஒன்று மட்டும் மஞ்சள். இந்த முறை நெகட்டிவைப் பார்த்தேன். அது நான் கலந்து வைத்த அதே கலவை. அதுவும் தண்ணீர்தான். கையெழுத்து வைத்தேன்.

அறிக்கைகள் தனித்தனியாகப் போயிருக்க வேண்டும். எந்த அரசாங்கக் கந்தோரில் யார் செய்த வேலையோ, எல்லாம் ஒரே உறையில் செயலாளர் பெயருக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் பின்னேரம் நான் வேலை முடிந்து வரும்போது தயாபரன் படிக்கட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கீழே பவானி ரீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு வந்து போயிருக்கு ரீச்சர். ரிப்போர்ட் என்ரை கையில கிடக்கு. வருத்தத்தை மறைச்சுக்கொண்டு நேர்சரி நடத்தினனீங்கள். அப்பா உங்கட வாசல்லதானே இருந்தவர்.”

“தம்பி, எனக்கு ஒரு காய்ச்சலும் வரேல்லை.”

“அப்ப இது என்ன? அரசாங்கம் பொய் சொல்லுதோ?”

அந்த மஞ்சள் குழி யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாளில் நேர்சரிக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. யாரும் ரீச்சரை ஏசவில்லை. அவர் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். ஹெந்தளையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட முடிவெடுத்து அவர் சாமான் கட்டத் தொடங்கினார். நான் உதவிக்குப் போனேன். சின்னக் கதிரைகளை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஜெசி, நீர் உந்த வேலை செய்யிற ஆள். ஒரு காய்ச்சலும் இல்லாமலே வந்து போகுமாமே?”

“ஓம் ரீச்சர். சில பேருக்கு அப்பிடி.”

“அப்ப எனக்கே தெரியாமல் நான்தான் அந்த மனுசனுக்குக் குடுத்திட்டனோ?”

மற்றவர்கள் சொன்னதற்கு அவர் அழவில்லை. இதற்கு அழுதார். வீட்டை விட்டுப் போவது பெரிதல்ல, இந்தக் கேள்வியையும் கட்டிக்கொண்டு போகப்போகிறாரே என்றுதான் எனக்குப் பட்டது. அப்போது அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உந்தத் தடிமனும் விடுகுதில்லை” என்றார்.

தடிமன். கையில் இருந்த கதிரையைக் கீழே போட்டுவிட்டேன். ஏழாம் இலக்கம். ரீச்சரின் பழைய செரம், புது வைரஸ் உலகத்திலேயே இல்லாத காலத்தில் எடுத்தது, எங்கள் உறைகுளிர்ப் பெட்டியில் கிடக்கிறது. அதிலும் இந்த மஞ்சள் வந்தால், அது புது வைரஸால் வந்ததாக இருக்க முடியாது.

மறுநாள் காலை மெடம் கைப்பையை வைக்க முன் முன்னால் போய் நின்று ரீச்சரின் கதை முழுவதையும் கொட்டினேன். அவர் பென்சிலை எடுத்தார்.

“அந்தப் பெண் கேட்கிறாரா, நீங்கள் கேட்கிறீர்களா?”

“இரண்டு பேரும் மெடம்.”

“அவர் எழுதிக் கேட்கட்டும், புதிதாக இரத்தமும் தரட்டும். நீங்கள் அவருடைய சிநேகிதி. அதனால் எந்தக் குழாய் யாருடையது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஷாமினி பெயரை மறைத்து எழுத்துப் போட்டுத் தருவாள். நிறத்தை நீங்கள் பாருங்கள்.”

என் கையை நம்பினார், என் ஆசையை நம்பவில்லை. அந்த மனுசியிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சோதனையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அதன் அழகே அதில்தான் இருக்கிறது. எங்கள் கிட் பிடித்தது வைரஸின் உள்ளே இருக்கும் ஒரு புரதத்துக்கான பிறபொருளெதிரியை. அந்த உட்புரதம் தடிமன் வைரஸ்களிலும் உண்டு, முழுக்க ஒன்றல்ல, ஆனால் குடும்பச் சாயல். காலி வீதியில் முன்பின் தெரியாத ஒருவரை மறித்து, “நீர் இன்னாற்றை பெடியனோ, மூக்கு அப்பிடியே கிடக்கு” என்று கேட்கும் ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள்தானே. தடிமனைக் கண்டு பழகிய பிறபொருளெதிரிகளில் சில அப்படித்தான். புது வைரஸையும் சொந்தக்காரர் என்று நினைத்துப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதைப் பிரித்தறிய மெடம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, செரத்தைக் கிட்டில் போட முன், தருவித்து வைத்திருந்த தடிமன் புரதத்தோடு கலந்து வைப்பது. பிறபொருளெதிரி தடிமனால் வந்தது என்றால் அங்கேயே ஒட்டி முடிந்துவிடும், கிட்டில் நிறம் வராது. மற்றது, புது வைரஸின் உடம்பைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளினுடைய (ஸ்பைக்) நுனிப் பகுதி பூசிய வேறொரு பிளேட். அந்த நுனி தடிமன் வைரஸ்களில் வெகுவாக வேறுபட்டது. புது வைரஸ் உண்மையாக வந்து போனவர்களிடம் அநேகமாக அதற்கும் நிறம் வரும்.

ஷாமினி குழாய்களை ஐஸில் வைத்து உருகவிட்டு, பெயர்களை மறைத்து எழுத்துகள் ஒட்டினாள். பத்து நோர்மல்கள், இந்த முறை தனித்தனியாக. ரீச்சரின் புது இரத்தம். ஆஸ்பத்திரியில் உறுதியான இரண்டு நோயாளிகள். ஒவ்வொன்றிலும் தடிமன் புரதம் கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று. அளந்து இட்டேன், சூட்டுப் பெட்டியில் அரை மணித்தியாலம் வைத்தேன். கழுவினேன். பிளேட்டைக் கவிழ்த்துக் கடதாசி மேல் பட் பட்டென்று அடித்தேன், ஒரு துளியும் நிற்கக் கூடாது. முதல் கிழமையில் கழுவாமல் விட்டவள் அன்று ஐந்து தடவை கழுவினேன். அடுத்த திரவம், இன்னொரு அரை மணித்தியாலம், மறுபடி கழுவல். கடைசியாக நிறம் காட்டும் திரவம்.

முதலில் நீலம் வரும், அமிலம் விட்டால் மஞ்சளாகும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘C’ குழி நீலம். ‘F’ குழி நீலம். ‘H’, ‘K’ இரண்டும் கடும் நீலம். தடிமன் புரதம் கலக்காத அந்த வரிசையில் மற்ற எல்லாம் தண்ணீர். அமிலம் விட்டேன், நாலும் மஞ்சளாகின. தடிமன் புரதம் கலந்த வரிசைக்குப் போனேன். H-உம் K-யும் அப்படியே மஞ்சள். C தண்ணீர். F தண்ணீர். நுனி பூசிய பிளேட்டைப் பார்த்தேன். H, K மஞ்சள். C, F வெறும் தண்ணீர்.

“ஷாமினி, C ஆர்? F ஆர்?” பிளேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

அவள் தாளைப் பிரித்தாள். “H-உம் K-யும் ஆஸ்பத்திரி ஆக்கள். C ரீச்சற்றை புது இரத்தம்.” அடுத்த வரியில் விரலை வைத்தாள். “F, நோர்மல் ஏழு.”

நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். சமூக இடைவெளி, மாஸ்க் எல்லாம் பறந்துபோயிற்று. பழைய இரத்தமும் புது இரத்தமும் ஒரே கதையைச் சொல்லின. நேர்சரிப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து ரீச்சர் சேர்த்துவைத்தது அது. இத்தனை வருட வேலையில் ஒரு குழியின் நிறத்தைப் பார்த்து நான் அழுததும் அன்றுதான். பிளேட்டைத் தூக்கிக்கொண்டு மெடத்திடம் ஓடினேன், அதே முதல் கிழமை ஓட்டம்.

“நெகட்டிவ் என்ன சொன்னது?”

“ஒன்பது நோர்மலும் தண்ணீர் மெடம். ஏழு மட்டும் மஞ்சள்.”

அவர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்லக் கேட்டார்: “அப்படியென்றால் கிட் வந்த நாளில் இந்த ஏழு என்ன சொன்னது?”

ஏழு அன்றும் பேசியிருக்கும். நான் அதை ஒன்பது ஊமைகளோடு கலந்துவிட்டேன். பத்தில் ஒரு பங்காகக் கரைந்த சத்தம் குழியில் கேட்கவில்லை. தனித்தனியாகப் போட்டிருந்தால் இந்தக் கிட் சிலருக்குத் தடிமனைக் கொரோனா என்று காட்டும் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ரீச்சரைப் படிக்கட்டில் நிறுத்தியது தயாபரன் இல்லை, நான்தான்.

மறைக்க நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு விநாடி நினைத்தேன். பிறகு, “நான் கலந்துதான் போட்டேன் மெடம். தனித்தனியாகப் போடவில்லை” என்றேன்.

அவர் ஏசவில்லை. பழைய கோப்பை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். “கேட்காமல் வைத்தேன். இது இரண்டு பேருடைய பிழை.” பிறகு கைப்பையைத் திறந்து பேனையை எடுத்து, அதுவரை அந்தக் கிட்டில் பொசிட்டிவ் என்று போன எல்லா அறிக்கைகளையும் திருப்பி அழைக்கும் கடிதத்தை எழுதத் தொடங்கினார். அடுத்த மூன்று கிழமையும் நானும் ஷாமினியும் அந்த மாதிரிகளைத் திரும்பச் செய்தோம். பலருக்கு முதல் விடையே சரி, சிலருக்கு இல்லை. அந்தச் சிலரின் வீடுகளில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. சுவரில் இருக்கும் தாள் அந்தக் கிழமை ஒட்டியது.

ரீச்சரின் அறிக்கையை மெடம் நாலு தடவை திருத்தினார். “புதிய வைரஸ் வந்து போனதற்கு இந்த இரத்தத்தில் ஆதாரம் இல்லை. கிட்டில் தெரிந்தது, அந்த வைரஸ் தோன்ற முன்பே இதே அளவில் இருந்த, பொதுவான தடிமன் வைரஸ்களோடு தொடர்புடைய பிறபொருளெதிரி.” ‘நிச்சயமாக வரவில்லை’ என்று எழுதச் சொல்லி நான் கெஞ்சினேன். இரத்தம் சொல்லாததை நாங்கள் சொல்லக் கூடாது என்றார்.

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. “அப்படியென்றால் ரீச்சருக்கு நோயைத் தடுக்கும் நிர்ப்பீடனம் இருக்கிறது மெடம். இனி வராது, இல்லையா?”

“ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு ஜெசிந்தா. இவருடையது முள்ளின் நுனியைப் பிடிக்கவே இல்லை. வைரஸ் உள்ளே போகும் வாசல் அதுதான். பழைய தடிமனை நினைவில் வைத்திருக்கும் வேறு உயிர்க்கலங்கள் உடம்பில் இருக்கின்றன. அவை சிலருக்கு நோயை இலேசாக்கலாம். சிலவேளை உடம்பு புதுக் கேள்விக்குப் பழைய விடையையே எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

நாங்கள் மூக்கொழுகல் ஆராய்ச்சி என்று சிரித்ததை அவர் ஒரு தடவையும் சொல்லிக் காட்டவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் இரண்டு பக்கமும்தான் பேசின. பழைய தடிமன் கொஞ்சம் உதவும் என்று சில, பெரிதாக இல்லை என்று சில. எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. ஒரு சின்னத் தடிமன் இத்தனை வருடம் உடம்பில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறதே, அதை என் கண்ணால் மஞ்சளாகப் பார்த்தேனே, அது போதும்.

அறிக்கை மாடிக் குழுவுக்குப் போகவில்லை, ரீச்சரின் கைக்குத்தான் போனது. சனிக்கிழமை காலை, கட்டிய பெட்டிகளுக்கு நடுவே நின்று மூன்று தடவை வாசித்தார். “அப்ப நான் குடுக்கேல்லை?” என்றார். “உங்கட இரத்தம் அப்பிடித்தான் சொல்லுது ரீச்சர்” என்றேன். என் பிழையையும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவரே மேலே ஏறிப் போய்த் தயாபரனின் கதவைத் தட்டித் தாளை நீட்டினார். நானும் பின்னால் போனேன்.

தயாபரன் வாசித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு அங்கிருந்த தகப்பனின் கதிரையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப அப்பாவுக்கு ஆர் குடுத்தது?” என்று கேட்டார்.

என் நாக்கு நுனியில் விடை துடித்துக்கொண்டிருந்தது. மாடியில் எல்லாருடைய இரத்தத்தையும் பார்த்தாயிற்று. பார்க்காதது ஒன்றே ஒன்று, அன்று வேலைக்குப் போயிருந்தவருடையது. ஐந்து மில்லி லீற்றர் தாரும், திங்கட்கிழமை சொல்லுகிறேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். ரீச்சர் திரும்பாமலே என் கையை இறுக்கிப் பிடித்தார்.

தயாபரன் தாளை மடித்தார். மடித்து மடித்து அது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாயிற்று.

“நான்தான் ரீச்சர் அந்த நாளெல்லாம் வேலைக்கெண்டு வெளியில போய் வந்தனான். அப்பா உங்கட வாசலுக்கு அப்பால ஒரு இடமும் போகேல்லை.”

“தெரியும் தம்பி” என்றார் ரீச்சர். “அதுதான் நான் உம்மட்டை ஒருநாளும் கேக்கேல்லை.”